நரேந்திர தபோல்கர் நம்ம கோயிலுக்கு எதிரியா?

பதிவு கொஞ்சம் நீளம். எங்களைத் திட்ட நினைக்கிறவங்க முழுசா படிச்சிட்டு திட்டுங்க.

போன வாரம் நம்ம கோயில் தொண்டர்கள் வாட்சாப் குழுவில் ஒருத்தர் ஒரு படம் போட்டிருந்தார். ஒரு பெரியவர் சாலையில் விழுந்து கிடக்கிற படம். சாமியை எதிர்த்தவனுக்குச் சாமி கொடுத்த தண்டனையைப் பாருங்கள் என்று கீழே எழுதியிருந்தது. அதற்குப் பதினாலு பேர் கைகூப்பி வணக்கம் போட்டிருந்தார்கள். அதில் நாலு பேர் எங்களோடு தைப்பூசத்துக்கு அன்னதானம் வடித்தவர்கள். ஒருத்தர் கூட அந்தப் பெரியவர் யார் என்று கேட்கவில்லை.

எங்களுக்கும் முதலில் தெரியாது. அதனால் தேடிப் படித்தோம். படித்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. இந்தப் பதிவை ஒருத்தர் எழுதவில்லை, அடுப்படி, காலணி, பால்குடம், காவடி ஒழுங்கு பார்க்கிற நாங்கள் ஏழு பேரும் சேர்ந்துதான் எழுதுகிறோம். ஏழு பேரும் சாமி கும்பிடுகிறவர்கள். மூன்று பேர் வருஷா வருஷம் காவடி எடுக்கிறவர்கள். நாங்கள் நாத்திகர்கள் ஆகிவிட்டோம் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம்.

அந்தப் பெரியவர் பெயர் டாக்டர் நரேந்திர தபோல்கர். மகாராஷ்டிரா மாநிலம் சாத்தாராவில் 1945 நவம்பர் 1ஆம் தேதி பிறந்தவர். பத்துப் பிள்ளைகளில் கடைசி. மிராஜில் மருத்துவம் படித்து எம்.பி.பி.எஸ். வாங்கினார். நம்ம பிள்ளைகளுக்குப் பிடித்த விஷயம் ஒன்று சொல்கிறோம். அவர் கபடி வீரர். சிவாஜி பல்கலைக்கழக அணிக்குத் தலைவராக இருந்தவர், வங்காளதேசத்துக்கு எதிராக இந்திய அணியில் ஆடியவர். மாநில அரசின் சிவ் சத்ரபதி விளையாட்டு விருது வாங்கியவர்.

பன்னிரண்டு வருஷம் டாக்டராக வேலை பார்த்தார். கிளினிக்கை வைத்துக்கொண்டு இன்னும் இருபது வருஷம் சம்பாதித்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் ஊருக்குள்ளே இறங்கினார். பாபா ஆடவ் என்ற தலைவர் அப்போது ஓர் இயக்கம் நடத்தினார். ஒரு கிராமத்துக்கு ஒரே கிணறு, சாதி பார்க்காமல் எல்லாரும் அதில் தண்ணீர் எடுக்கணும் என்பதுதான் அந்த இயக்கம். தபோல்கர் அதில் வேலை செய்தார். குடிக்கு அடிமையானவர்களை மீட்க சாத்தாராவில் பரிவர்த்தன் என்ற மையம் தொடங்கினார். நம்ம சமுதாயத்தில் குடியால் எத்தனை குடும்பம் போயிருக்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாமி இல்லை என்று சொன்ன மனிதர் இந்த வேலையைச் செய்தார். சாமி உண்டு என்று சொல்கிற நாம் எத்தனை குடிகாரனை மீட்டோம்? கோவப்படாமல் எண்ணிப் பாருங்கள்.

1989ல் அவரும் நண்பர்களும் சேர்ந்து மகாராஷ்டிரா அந்தசிரத்தா நிர்மூலன் சமிதி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மூடநம்பிக்கை ஒழிப்புக் குழு என்று சொல்லலாம். கிராமம் கிராமமாகப் போவார்கள். பேய் ஓட்டுகிறேன் என்று ஒரு பெண்ணை அடித்தால் அங்கே போய் நிற்பார்கள். பாம்பு கடித்தவனை மந்திரவாதியிடம் தூக்கிப் போனால், ஆஸ்பத்திரிக்குத் தூக்கு என்பார்கள். சாமியார்கள் காட்டுகிற வித்தையை மேடையில் தாங்களே செய்து காட்டி, எப்படி என்று ஜனங்களுக்கு விளக்குவார்கள்.

இந்த மாதிரி வித்தைகளில் ஒன்றை எங்களில் ஒருத்தர் வீட்டில் செய்து பார்த்தார். செம்பருத்திப் பூவை, அதாவது இங்கே தேசிய மலர் புங்கா ராயாவை, கத்தியில் நன்றாகத் தேய்த்துக் காய வைக்கணும். பிறகு அந்தக் கத்தியால் எலுமிச்சம்பழத்தை வெட்டணும். பழத்தின் புளிப்பு பட்டதும் அந்தப் பூச்சாறு சிவக்கும். பழத்திலிருந்து ரத்தம் வருகிற மாதிரி இருக்கும். ஐந்தாம் படிவம் படிக்கிற அவர் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, இது கெமிஸ்ட்ரி பாடத்துல வர்ற இண்டிகேட்டர்தானே" என்று சிரித்தாள். தண்ணீர் தெளித்தால் யாககுண்டம் தானாகப் பற்றுகிற வித்தையும் இப்படித்தான். உள்ளே பொட்டாசியம் பர்மாங்கனேட் தூள், மேலே தெளிப்பது தண்ணீர் இல்லை, கிளிசரின். சில நொடியில் தானாகப் பற்றிக்கொள்ளும். தீப்பிடித்து ஆபத்தாகும், வீட்டில் செய்யாதீர்கள்.

இந்த எலுமிச்சம்பழ ரத்தத்தை நாங்கள் வேறு இடத்தில் பார்த்திருக்கிறோம். அதைப் பிறகு சொல்கிறோம்.

தபோல்கர் எழுதவும் செய்தார். 1998லிருந்து கடைசி வரை சாதனா என்ற மராத்தி வார இதழுக்கு ஆசிரியர். அந்த இதழைத் தொடங்கியவர் சானே குருஜி. யார் அந்த சானே குருஜி? பண்டரிபுரம் விட்டலன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை விடணும் என்று 1947ல் உண்ணாவிரதம் இருந்து கதவைத் திறக்க வைத்தவர். நம்ம பஜனையில் பாண்டுரங்கா, விட்டலா என்று பாடுகிறோமே, அந்தப் பாண்டுரங்கன் கோயில்தான். சாமி பக்தி உள்ள ஒருவர் தொடங்கிய பத்திரிகையைச் சாமியை நம்பாத ஒருவர் பதினைந்து வருஷம் நடத்தினார். இரண்டு பேருக்கும் எங்கே ஒத்துப் போனது? மனுஷனை மனுஷனாக நடத்தணும் என்கிற இடத்தில்.

சனி சிங்கணாப்பூர் கோயிலைப் பலருக்குத் தெரியும். நம்ம ஊரிலிருந்தும் ஷீரடி போகிறவர்கள் அப்படியே அங்கேயும் போய் வருவார்கள். அங்கே சனீஸ்வரன் இருக்கிற மேடையில் பெண்கள் ஏறக்கூடாது என்று இருந்தது. தபோல்கரும் தோழர்களும் 2000ஆம் ஆண்டுவாக்கில் அதை எதிர்த்துப் போராடினார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். அவர் உயிரோடு இருந்தவரை நடக்கவில்லை. 2016 ஏப்ரலில் அந்தத் தடை நீங்கியது. இப்போது அங்கே மேடையில் ஏறிக் கும்பிட்டுவிட்டு வந்து முகநூலில் படம் போடுகிற நம்ம அக்காமார்கள் ஒன்று தெரிந்துகொள்ளணும். நீங்கள் சாமி கும்பிடுகிற உரிமைக்காகச் சாமியை நம்பாத மனுஷன் ஒருத்தர் முன்னாடியே போராடியிருக்கிறார்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். அவரைக் கொன்றதை நியாயம் என்று சொல்கிறவர்கள் அந்தச் சட்டத்தைத்தான் காட்டுகிறார்கள். பூசையைத் தடை செய்யச் சட்டம் கொண்டுவந்தார், இந்து மதத்தை ஒழிக்கப் பார்த்தார் என்கிறார்கள்.

பில்லி சூனியம், நரபலி, மனிதத்தன்மை இல்லாத சடங்குகள் இவற்றைத் தடுக்க ஒரு சட்டம் வேண்டும் என்று அவர் பல வருஷம் அலைந்தார். 2005ல் மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறியது, மேலவையில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் இதோ வருகிறது என்பார்கள், வராது. எதிர்ப்பு பலமாக இருந்தது. பண்டரிபுரம் யாத்திரை போகிற வார்கரி பக்தர்களில் ஒரு பகுதியினரே பயந்தார்கள், நம்ம யாத்திரைக்கும் தடை வந்துவிடுமோ என்று. அந்தப் பயத்தை ஊதிவிட்டவர்கள் இருந்தார்கள். தபோல்கர் சளைக்காமல் பதில் சொன்னார். இதில் சாமியைப் பற்றியோ மதத்தைப் பற்றியோ ஒன்றும் இல்லை, வழிபடுகிற உரிமையை யாரும் பறிக்க முடியாது, ஏமாற்றுவதையும் துன்புறுத்துவதையும்தான் தடுக்கிறோம் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். குற்றம் என்று அது சொல்வது இவற்றை. பேய் பிடித்திருக்கிறது என்று ஆளைச் சங்கிலியில் கட்டுவது, அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, சூடு வைப்பது, மூத்திரம் குடிக்க வைப்பது. அற்புதம் செய்கிறேன் என்று ஏமாற்றிப் பணம் பறிப்பது. ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று முத்திரை குத்தி ஊரை ஏவிவிடுவது. நாய், பாம்பு, தேள் கடித்தவனை டாக்டரிடம் போக விடாமல் தடுப்பது. வயிற்றில் இருக்கிற பெண் குழந்தையை ஆணாக மாற்றுகிறேன் என்பது. பிள்ளை இல்லாத பெண்ணைத் தெய்வசக்தி என்று சொல்லி நாசம் செய்வது. நரபலி கொடுப்பது. தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஏழு வருஷம் வரை சிறை, ஐயாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம்.

இதில் எது நம்ம மதம்? முருகன் எந்த இடத்தில் மிளகாய்ப் புகை போடச் சொன்னார்? சொல்லுங்கள் பார்ப்போம்.

அதே சட்டம் எதெல்லாம் குற்றம் இல்லை என்றும் தனியாகச் சொல்கிறது. கோயிலை வலம் வருவது, யாத்திரை போவது, பஜனை, கீர்த்தனை, கதாகாலட்சேபம், திருவிழா, ஊர்வலம், பிள்ளைகளுக்குக் காது குத்துவது, யாருக்கும் உடம்புக்கோ பணத்துக்கோ சேதம் வராமல் வீட்டிலும் கோயிலிலும் தர்காவிலும் தேவாலயத்திலும் செய்கிற வழிபாடு. வாஸ்து சொல்வதைக் கூட அது தொடவில்லை. மறைந்துபோன மகான்கள் செய்த அற்புதங்களைச் சொல்லிப் பரப்புவதையும் தொடவில்லை. பூசையைத் தடை செய்யும் சட்டம் என்று பரப்பினார்களே, அவர்கள் இதைப் படித்தார்களா? படித்தும் மறைத்தார்களா?

இன்னொரு கேள்வியும் வரும், எங்களுக்குத் தெரியும். இந்துக்களை மட்டும் ஏன் கேட்கிறார்? மற்ற மதத்துக்காரனைக் கேட்கத் தைரியம் உண்டா? குழுவிலேயே ஒரு தம்பி கேட்டார். தம்பி, தபோல்கர் தன் மகனுக்கு வைத்த பெயர் ஹமீத். ஹமீத் தல்வாய் என்ற முஸ்லிம் சீர்திருத்தக்காரரின் நினைவாக வைத்த பெயர் அது. அந்த ஹமீத் தல்வாய் 1966லேயே முத்தலாக்கை எதிர்த்து மும்பையில் முஸ்லிம் பெண்களை அழைத்து ஊர்வலம் போனவர், தன் சொந்தச் சமூகத்திடமே திட்டு வாங்கியவர். அப்படிப்பட்டவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறவரை ஒரு மதத்துக்கு மட்டும் எதிரி என்று சொல்ல முடியுமா? அந்தச் சட்டமும் எந்த மதத்தின் பெயரையும் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. அதோடு, நம்ம வீட்டுக் குப்பையை நாம் கூட்டும்போது பக்கத்து வீட்டுக்காரன் கூட்டினானா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறோமா?

2013 ஆகஸ்ட் 20. புனே நகரம். காலை ஏழு மணிக்கு மேல். அறுபத்தேழு வயது பெரியவர் வழக்கம்போல நடக்கப் போனார். ஓங்காரேஸ்வரர் கோயில் பக்கத்தில் இருக்கிற பாலத்தில் போகும்போது மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் பின்னாலிருந்து சுட்டுவிட்டுப் போனார்கள். முன்பே மிரட்டல்கள் வந்திருந்தன. போலீஸ் பாதுகாப்பு வேண்டாம் என்று அவரே மறுத்திருந்தார். கையில் ஆயுதம் இல்லாத மனுஷன்.

ஓங்காரேஸ்வரர் என்றால் யார்? சிவபெருமான். சிவன் கோயில் பக்கத்தில், விடிகாலையில், வயதானவரை முதுகுக்குப் பின்னால் வந்து சுட்டதைச் சாமி கொடுத்த தண்டனை என்று நாம் குழுவில் போடுகிறோம். அதற்குக் கைகூப்பி வணக்கம் வேறு. துப்பாக்கி எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தது சிவனா? கொலைகாரன் செய்ததைச் சாமி தலையில் கட்டுவதுதான் தெய்வநிந்தனை. தபோல்கர் சாமி இல்லை என்றுதான் சொன்னார். நீங்கள் சாமியைக் கொலைகாரன் என்கிறீர்கள்.

அவர் செத்த நாலாவது நாள், ஆகஸ்ட் 24, அந்தச் சட்டம் அவசரச் சட்டமாக வந்தது. டிசம்பரில் சட்டசபையில் முழுச் சட்டமாக நிறைவேறியது. அத்தனை வருஷம் நாற்காலி நாற்காலியாக ஏறி இறங்கினார், கிடைக்கவில்லை. நாலு நாளில் கிடைத்தது, பார்க்க அவர் இல்லை. 2014ல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது, அதுவும் செத்தபிறகு. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 2024 மே 10ஆம் தேதிதான் புனே நீதிமன்றம் சுட்ட இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மற்ற மூன்று பேர் விடுதலை. ஏறக்குறைய பதினொரு வருஷம். அவரோடு நிற்கவில்லை. 2015ல் கோலாப்பூரில் கோவிந்த் பன்சாரே, அதே வருஷம் தார்வாடில் பேராசிரியர் கல்புர்கி, 2017ல் பெங்களூரில் கௌரி லங்கேஷ். எல்லாரையும் துப்பாக்கியால்தான்.

இதில் சந்தோஷப்பட நமக்கு என்ன இருக்கிறது?

சரி, மகாராஷ்டிராவில் நடந்ததைப் பற்றி மலேசியாவில் கோயில் தொண்டு செய்கிற உங்களுக்கு என்ன கவலை என்று கேட்பீர்கள். அந்த எலுமிச்சம்பழத்துக்கு வருகிறோம்.

எங்கள் அடுப்படிக் குழுவில் ஓர் அக்கா இருந்தார். பெயர் வேண்டாம், குடும்பம் இருக்கிறது. பழைய ஆட்களுக்குப் புரியும். வெள்ளிக்கிழமை பொங்கல் என்றால் அவர் கைதான். ஒரு நாள் மார்பில் கட்டி என்று இன்னோர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். கிளினிக் போகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் யாரோ ஒரு சாமியாரிடம் கூட்டிப் போய்விட்டார்கள். அவன் எலுமிச்சம்பழம் வெட்டினான், ரத்தம் வந்தது. சொந்தக்காரர்கள் செய்வினை வைத்திருக்கிறார்கள், ஒரு மண்டலம் பூசை செய்யணும், அதுவரை ஊசி மருந்து உடம்பில் படக்கூடாது என்றான். நாற்பத்தெட்டு நாள். ஆறாயிரம் வெள்ளி. தாலிச்சரடு தவிர எல்லாம் அடகுக்குப் போனது. மண்டலம் முடிந்தது, இன்னொரு மண்டலம் என்றான். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஏன் இவ்வளவு தாமதம் என்றுதான் டாக்டர் முதலில் கேட்டாராம். அடுத்த தைப்பூசத்துக்கு அக்கா இல்லை.

அவன் மேல் மட்டும் பழி போட்டு நாங்கள் தப்பிக்க முடியாது. எங்களுக்குத் தெரியும். மண்டலப் பூசை நடக்கிறது என்று எங்களில் நாலு பேருக்குத் தெரியும். நம்பிக்கையில் தலையிடக்கூடாது, சாமி விஷயம், பாவம் வந்து சேரும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தோம். ஒருத்தர் வெட்டிய எலுமிச்சம்பழத்தை நேரில் பார்த்து, பயந்து, அவரும் கும்பிட்டுவிட்டு வந்தார். அந்த ஒருத்தர்தான் இப்போது செம்பருத்திப் பூவைக் கத்தியில் தேய்த்துப் பார்த்தவர். தேய்த்துப் பார்த்த அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

நமக்குப் பக்கத்தில் ஒரு தபோல்கர் இருந்திருந்தால், இது கெமிஸ்ட்ரி, ஆஸ்பத்திரிக்குப் போ அக்கா என்று சொல்லியிருப்பார். நாம் அவரை நாத்திகன், வெளியே போ என்று துரத்தியிருப்போம். உண்மை அதுதானே?

எங்களில் ஒருவர் தொழிற்சாலையில் லைன் பார்க்கிறவர், முப்பது வருஷ அனுபவம். அவர் சொன்னது இது. லைனில் பொருள் சரியில்லை என்று நிறுத்தச் சொல்கிற கியூசி ஆளை எல்லாரும் வெறுப்பார்கள். ஓவர்டைம் போகிறது, டார்கெட் போகிறது என்று முறைப்பார்கள். ஆனால் அவன் வாயை அடைத்துவிட்டு அனுப்பிய பொருள் எல்லாம் ஒரு நாள் திரும்பி வரும். கம்பெனி பெயர் கெடும். தபோல்கர் இந்தக் கம்பெனியில் சேராத ஆள்தான். ஆனாலும் அவர் ரிஜெக்ட் என்று தள்ளியது எல்லாம் உண்மையிலேயே ரிஜெக்ட்.

எங்களுக்கும் அவருக்கும் ஒத்துப் போகாத இடம் உண்டு, அதை மறைக்கவில்லை. அவர் கடவுள் இல்லை என்றவர். நாங்கள் உண்டு என்கிறோம். வேல் குத்தி நடக்கும்போது எங்களுக்குக் கிடைக்கிறது என்ன என்று அவருக்கு விளக்கியிருக்க முடியாது. அவர் எங்களை மாற்றியிருக்கவும் முடியாது. இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒன்று. சிவவாக்கியர் சடங்கைக் கேள்வி கேட்டார், அவரைச் சித்தர் என்று கும்பிடுகிறோம். துக்காராம் போலிச் சாமியார்களைச் சாடிப் பாடினார், அவரை மகான் என்கிறோம். வள்ளலார் சாதி ஆசாரங்களை விடச் சொன்னார், அவர் பெயரில் அன்னதானம் போடுகிறோம். கேள்வி கேட்டவர்களைக் கும்பிடுகிற மரபு நம்முடையது. கேள்வி கேட்டவனைச் சுடுகிற மரபு எங்கிருந்து வந்தது?

பிரார்த்தனை மனசுக்குத் தைரியம் கொடுக்கும், நாங்கள் அனுபவத்தில் சொல்கிறோம். ஆபரேஷனுக்கு முன்னாடி திருநீறு பூசிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஆபரேஷனுக்குப் பதில் திருநீறு என்று ஒருத்தன் சொன்னால் அவன் சாமி பெயரில் உயிரோடு விளையாடுகிறான்.

இப்போது இதை எழுத அவசரம் என்ன? காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு சாமியார் அடுத்த மாதம் வருகிறாராம். செய்வினை எடுக்கிறது, பிள்ளை வரம், தீராத நோய், ஆளுக்கு இத்தனை வெள்ளி என்று நோட்டீஸ் தயார். நம்ம கோயில் மண்டபத்தை மூன்று நாள் வாடகைக்குக் கேட்டிருக்கிறார்கள். நிர்வாகத்தில் சிலர் கொடுக்கலாம் என்கிறார்களாம், கூரை மராமத்துக்குப் பணம் வேண்டும் என்று. கூரை ஒழுகுவது எங்களுக்கும் தெரியும், மழை வந்தால் வாளி வைக்கிறது நாங்கள்தான். ஆனால் அந்தப் பணத்தில் போடுகிற கூரைக்குக் கீழே நின்று எங்களால் சோறு பரிமாற முடியாது.

நிர்வாகத்தில் உள்ள அண்ணன்மார்களை மரியாதையோடு கேட்கிறோம். பொதுக்கூட்டத்தில் கையெழுத்தோடும் கொடுப்போம்.

முதலாவது, நோய் தீர்க்கிறேன், செய்வினை எடுக்கிறேன் என்று காசு வாங்குகிற யாருக்கும் கோயில் மண்டபம் தரக்கூடாது. எழுதி ஒட்டுங்கள். இரண்டாவது, உடம்பு சரியில்லை என்று கோயிலுக்கு வந்து அழுகிறவர்களுக்கு அர்ச்சனை செய்து கொடுத்த கையோடு, டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்கணும். போக வண்டி இல்லை என்றால் எங்களில் ஒருத்தர் கூட்டிப் போகிறோம், பெட்ரோல் எங்கள் செலவு. மூன்றாவது, வருஷத்தில் ஒரு நாள் மண்டபத்தில் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை முகாம் வைக்கலாம். அக்காவின் நினைவு நாளில் வைத்தால் நல்லது.

கூரைக்கு என்ன செய்வது என்றும் யோசித்தோம். ஏழு பேரும் ஆளுக்கு ஐந்நூறு வெள்ளி கொடுக்கிறோம். மாசா மாசம் பிரித்துத்தான் கொடுக்க முடியும், ஆனால் கொடுப்போம். வாட்சாப்பில் கைகூப்பிய பதினாலு பேரும் சேர்ந்துகொள்ளலாம்.

அந்தப் படத்தைப் போட்ட அண்ணனுக்கு ஒரு வார்த்தை. உங்களை அவமானப்படுத்த இதை எழுதவில்லை அண்ணே. நீங்களும் யாரோ அனுப்பியதைத்தான் அனுப்பினீர்கள், நாங்களும் நேற்று வரை அப்படித்தான் இருந்தோம். ஆனால் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். சாலையில் கிடக்கிறவர் ஒருத்தருக்கு அப்பா. ஊருக்கு ஒரே கிணறு வேண்டும் என்றவர், குடிகாரனை மீட்டவர், பாம்பு கடித்தவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர். நம்ம வீட்டில் ஒருத்தர் இதையெல்லாம் செய்திருந்தால் படம் மாட்டி மாலை போட்டிருப்போம்.

வருகிற வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, அக்கா பெயரில் ஓர் அகல்விளக்கு ஏற்றுகிறோம். அதே தட்டில் டாக்டர் தபோல்கர் பெயரிலும் ஒன்று ஏற்றுவோம். அவர் நம்ப மாட்டார், பரவாயில்லை. நமக்குத் தெரிந்த மரியாதை அதுதான். வரப் பிரியப்படுகிறவர்கள் ஏழரை மணிக்கு மண்டபத்து வாசலுக்கு வாருங்கள். பொங்கல் உண்டு. அக்கா கைப்பக்குவம் வராது, ஆனால் அவர் சொல்லிக் கொடுத்த அளவில்தான் வைப்போம்.

படித்தவர்கள் பகிருங்கள். முக்கியமாக, வீட்டில் கட்டி, வலி என்று சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிற அம்மாவோ அக்காவோ இருந்தால் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

முருகன் துணை.
கோயில் தொண்டர்கள், ஏழு பேர்